டிக்கி மேல் ஓர் இறக்கை

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலையில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் அரை மணி நேரம் உட்காருங்கள். டிக்கி மேல் இறக்கை முளைத்த கார் ஒன்றாவது கண்ணில் படும். பெரும்பாலும் சாதாரண ஹாட்ச்பேக். ஃபைபரில் வார்த்த இறக்கை, அதன் மேல் கரிநிற ஸ்டிக்கர், அடியில் உறுமும் சைலன்சர். ஓட்டுகிற பையனுக்கு இருபது, இருபத்திரண்டு வயதிருக்கும். இது எதற்கு என்று கேட்டால், தெலுங்கில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும், பதில் ஒன்றுதான்: வேகத்தில் போகும்போது வண்டி ரோட்டைப் பிடித்து உட்காரும்.

இந்தப் பதிலில் தவறு இல்லை. எந்த வேகத்தில், எவ்வளவு, எந்தச் சக்கரத்தின் மேல் என்ற மூன்று கேள்விகள்தான் விட்டுப்போகின்றன. அந்த மூன்றுக்கும் விடை தெரியாமல் மாட்டிய இறக்கை வெறும் அலங்காரமாக இருந்துவிட்டால் பாதகமில்லை. வண்டி கெட்டியாக இருக்கிறது என்ற நம்பிக்கையை அது கொடுத்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

முதலில் காற்றின் கணக்கைப் பார்ப்போம். காரைப் பக்கவாட்டில் பார்த்தால் அடிப்பாகம் தட்டை, மேல்பாகம் வளைவு. விமான இறக்கையின் குறுக்குவெட்டும் ஏறக்குறைய இதே மாதிரிதான். வளைவின் மேல் காற்று விரைந்து ஓடுகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. விமானம் எதனால் மேலே கிளம்புகிறதோ, அதே காரணத்தால் வேகமாகப் போகும் காரும் கொஞ்சம் லேசாகிறது. ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு ஹாட்ச்பேக்கை மணிக்கு 100 கிலோமீட்டரில் காற்று சுமார் 20 கிலோ அளவுக்குத் தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். காரின் வடிவத்துக்கு வடிவம் இந்த எண் மாறும். மாறாத விதி ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். ஆகவே 200ல் அது 40 கிலோ அல்ல, 80 கிலோ. 300ல் 180 கிலோ.

இறக்கையின் வேலை இதற்கு நேர்மாறானது. விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் காற்று அதைக் கீழே அழுத்தும். பந்தயக்காரர்கள் இதை டவுன்ஃபோர்ஸ் என்கிறார்கள். கீழ் அழுத்தம் என்று சொல்லலாம். டயரின் பிடிப்பு அதன் மேல் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. வண்டியில் ஒரு கிலோ எடை கூட்டாமல் டயரின் மேல் பாரத்தைக் கூட்டலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

ஆனால் இதற்கும் அதே விதிதான். ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் ஒரு சாண் அகலமும் உள்ள, ஒழுங்காகச் செய்த ஓர் இறக்கை, தடையில்லாத காற்றில் நின்றால், 200 கிலோமீட்டர் வேகத்தில் 50 கிலோவுக்குமேல் அழுத்தம் கொடுக்கும். 100ல் அது சுமார் 14 கிலோ. 60ல் 5 கிலோ. ஊருக்குள்ளும் புறவழிச் சாலையிலும் நாம் ஓட்டுகிற வேகத்தில் இந்த இறக்கை செய்வதை டிக்கிக்குள் ஒரு சின்ன அரிசிப் பை செய்துவிடும். அதுவும் ஒழுங்காகச் செய்த இறக்கைக்குத்தான் இந்தக் கணக்கு. ஹாட்ச்பேக்கின் பின்பக்கம் செங்குத்தாக முடிகிறது. அதன் பின்னால் காற்று சுழன்று கலங்கிக் கிடக்கும். அந்தக் கலங்கலுக்குள் நிற்கும் இறக்கைக்கு அழுத்துவதற்கு ஒழுங்கான காற்றே கிடையாது. திருமலை மலைப்பாதையைப் பற்றிப் பேசவே வேண்டாம். குறிப்பிட்ட நிமிடங்களுக்கு முன்னால் கீழே வந்துவிட்டால் அபராதம் என்று வைத்திருக்கும் பாதை அது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்: எந்தச் சக்கரத்தின் மேல்? டிக்கி மேல் மாட்டிய இறக்கை பின் அச்சுக்கும் பின்னால் நிற்கிறது. சீசாப் பலகையின் ஒரு நுனியை அழுத்தினால் மறு நுனி மேலே போகும். இங்கேயும் அதுதான். அரை மீட்டர் பின்னால் நிற்கும் இறக்கை 57 கிலோ அழுத்தினால், பின் சக்கரங்களில் சுமார் 69 கிலோ கூடும். முன் சக்கரங்களிலிருந்து 12 கிலோ குறையும். முன் சக்கரங்கள்தான் வண்டியைத் திருப்புகின்றன. நம் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றை இழுப்பதும் அவைதான். காற்று ஏற்கெனவே மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும் வேகத்தில், இறக்கையும் சேர்ந்து தூக்குகிறது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது, வண்டி மிதக்கிற மாதிரி இருக்கிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இந்த இறக்கை மோகம் வந்தது டிராக் பந்தயத்திலிருந்து. இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பச்சை விளக்கு எரிந்ததும் கிளம்பி, வளைவே இல்லாத பாதையில் கால் மைல், அதாவது 402 மீட்டர், யார் முதலில் கடக்கிறார் என்பதுதான் பந்தயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் விமான ஓடுதளங்களில் வளர்ந்த விளையாட்டு. கலிஃபோர்னியாவில் சான்டா ஆனா விமான நிலையத்தில் 1950ல் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். 1951ல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பித்தார். தெருவில் ஓட்டிக்கொண்டிருந்த பையன்களை ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அந்தச் சங்கத்தின் ஆரம்ப நோக்கம்.

நமக்கும் இது அந்நியமான கதை இல்லை. சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால் சோழவரம் வரும். அங்கே போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல வருஷங்கள் அங்கேதான் பந்தயங்களை நடத்தியது. 1990ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயப் பாதை வந்தது. கோயம்புத்தூரில் கரிவரதன் இங்கேயே பந்தயக் கார்கள் தயாரித்துக் காட்டினார். இந்த மாவட்டங்களின் பையன்களுக்கு வேக ஆசை எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து ஊர்ச் சரக்குதான்.

டிராக் பந்தயத்தில் இறக்கைக்கு எப்போது வேலை? கிளம்புகிற நொடியில் இல்லை. நிற்கிற வண்டிக்குக் காற்றின் அழுத்தம் பூஜ்யம். அங்கே இறக்கை வெறும் சுமை. டயரும், பின்னால் சாய்கிற எடையும்தான் எல்லாம். 402 மீட்டரை 13 வினாடியில் முடிக்கிற கார் கோட்டைத் தாண்டும்போது 170 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி இருக்கும். தெருவில் இருப்பவற்றில் அது வேகமான கார். ஆனாலும் அதற்கு இறக்கையால் பெரிய லாபம் இல்லை. 10 வினாடியில் முடித்து 215ஐத் தொடுகிற காருக்குக் கொஞ்சம் பயன் உண்டு. உச்சியில் இருக்கும் டாப் ஃப்யூயல் வண்டிகள் மணிக்கு 540 கிலோமீட்டரையும் தாண்டியிருக்கின்றன. அவற்றின் பின்னிறக்கை பல டன் அழுத்தம் தருகிறது. அந்த வண்டிகளைப் படத்தில் பார்த்துவிட்டு நம்மூர் ஹாட்ச்பேக்கில் இறக்கை மாட்டுவது, யானைக்குப் பூட்டும் சங்கிலியை ஆட்டுக்குட்டிக்குப் பூட்டுவது மாதிரி.

அந்த வண்டிகளின் சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற பந்தயக்காரர் 1970 மார்ச் 8 அன்று கலிஃபோர்னியாவில் லயன்ஸ் ஓடுதளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, முன்னால் என்ஜின் வைத்த அவருடைய வண்டியின் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒரு வண்டி கட்டினார். அந்த அமைப்பைப் பலர் முன்பே முயன்று கைவிட்டிருந்தார்கள். காரணம், நேராகப் போகாது. வேகத்தில் இங்குமங்கும் பாயும். கார்லிட்ஸின் வண்டியும் முதலில் அப்படித்தான் பாய்ந்தது. கடைசியில் தீர்வு கிடைத்தது ஸ்டியரிங்கில். சக்கரம் அவ்வளவு சீக்கிரம் திரும்பாதபடி ஸ்டியரிங்கின் பல் விகிதத்தை மாற்றினார்கள். வண்டி நேராக ஓடியது. இறக்கை வந்தது அதற்கப்புறம். சில வருஷங்களில் எல்லோருமே என்ஜினைப் பின்னால் கொண்டுபோய்விட்டார்கள். முதலில் வண்டி தானாக நேரே போக வேண்டும். அப்புறம்தான் காற்றை உதவிக்குக் கூப்பிட வேண்டும். கார்லிட்ஸ் காலால் கொடுத்த விலைக்குக் கிடைத்த வரிசை இது.

வேகத்தில் நேராகப் போவது என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காவரை போக வேண்டியதில்லை. சோழவரத்திலிருந்து அதே நெடுஞ்சாலையில் இன்னும் அறுபது கிலோமீட்டர் போல வடக்கே போனால் சூளூர்ப்பேட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி மாவட்டத்தை அமைத்தபோது, நெல்லூர் மாவட்டத்திலிருந்த இந்தப் பகுதியும் அதில் சேர்ந்தது. ஆக, இந்தியாவிலேயே மிக வேகமாகப் போகிற வண்டிகள் கிளம்புவது திருப்பதி மாவட்டத்திலிருந்துதான்.

அங்கே 1987 மார்ச் 24 அன்று ஏ.எஸ்.எல்.வி. என்ற ராக்கெட்டை முதல் தடவை ஏவினார்கள். பக்கவாட்டு மோட்டார்கள் எரிந்து முடிந்த பிறகு நடு மோட்டார் பற்றவில்லை. அடுத்தது 1988 ஜூலை 13. இந்த முறை நடு மோட்டார் பற்றியது. ஆனால் பக்கவாட்டு மோட்டார்களின் உந்துதல் ஓய்ந்ததற்கும் நடு மோட்டார் முழு வேகம் பிடித்ததற்கும் நடுவில், ராக்கெட்டைக் கட்டுக்குள் வைக்கும் சக்தி குறைந்த ஒரு சிறு இடைவெளி இருந்தது. காற்று மிகக் கடுமையாக அழுத்தும் கட்டத்தில் அந்த இடைவெளி வந்து மாட்டியது. ராக்கெட் திரும்பியது, காற்றின் அடியில் உடைந்தது. கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதற்கு விளக்கம் ஓர் அம்பில் இருக்கிறது. அம்பின் முனையில் கனம், வாலில் இறகு. அம்பு கொஞ்சம் திரும்பினால் காற்று இறகைத் தள்ளி, வாலை மறுபடி பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. இறகைப் பிடுங்கிவிட்டு அதே அம்பை எய்து பாருங்கள், குப்புறப் புரளும். எடை கூடியிருக்கும் மையம் முன்னாலும், காற்று தள்ளுகிற மையம் பின்னாலும் இருந்தால் எந்தப் பொருளும் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளும். இடம் மாறினால், சின்னத் திருப்பத்தைக் காற்று பெரிய திருப்பமாக்கிவிடும். ஏ.எஸ்.எல்.வி.யின் மூன்றாவது ராக்கெட்டில் செய்த பல திருத்தங்களில் ஒன்று, அடிப்பகுதியில் துடுப்புகள் சேர்த்தது. அம்பின் இறகு மாதிரிதான்.

பிரிட்டனின் டொனால்ட் கேம்ப்பெல் 1960ல் புளூபேர்ட் என்ற காரில் தரை வேக சாதனைக்கு முயன்றபோது பானவில் உப்பு வெளியில் வண்டி புரண்டது. உயிர் பிழைத்தார். மறுபடி கட்டிய காரில் பின்னால் உயரமான செங்குத்து வால் ஒன்று வந்தது. 1964ல் ஆஸ்திரேலியாவில் அதே கார் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிச் சாதனை செய்தது. இறக்கை வண்டியைக் கீழே அழுத்துகிறது. வால் வண்டியை நேராக வைக்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. நம் பையன்கள் நேராகப் போவதற்காகத்தான் அழுத்துகிற சாமானை வாங்கி மாட்டுகிறார்கள்.

கார் விஷயத்தில் ஒரு கூடுதல் சிக்கல். பெரும்பாலான கார்களுக்குக் காற்று தள்ளும் மையம் எடை மையத்துக்கு முன்னால்தான் இருக்கிறது. அதாவது, காற்றைப் பொறுத்தவரை கார் என்பது தலைகீழாக எய்த அம்பு. அதை நேராக வைத்திருப்பவை பின் டயர்கள். பக்கக்காற்று அடிக்கும்போது இது தெரியும். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே காதங்கியில், நெடுஞ்சாலையை ஒட்டி, வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. 1,024 ஆன்டெனாக்களைப் பரப்பி வைத்து, தலைக்கு மேல் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று ரேடாரால் அளக்கிறார்கள். கீழே சாலையில் போகிறவருக்கு அந்த வசதி கிடையாது. மலையின் மறைவிலிருந்து வெட்டவெளிக்கு வரும்போதும், எதிரே லாரி கடக்கும்போதும் ஸ்டியரிங்கில் ஓர் இழுப்பு. அந்தச் சமயத்தில் பின் டயர்கள் லேசாகியிருந்தால் வண்டி பாய்ந்துவிடும்.

கார் கம்பெனிகளே இதைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டன. ஆடி டி.டி. என்ற அழகான கார் 1998ல் வந்தது. வால் இல்லாமல் மொழுமொழுவென்று இருக்கும். ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் சில விபத்துகள் நடந்த பிறகு, கம்பெனி விற்ற கார்களைத் திரும்ப அழைத்துப் பின்னால் ஒரு சிறு ஸ்பாய்லர் வைத்தது. அத்துடன் சஸ்பென்ஷனையும் மாற்றியது. வண்டி சறுக்காமல் தடுக்கும் மின்னணு ஏற்பாட்டையும் சேர்த்தது. மூன்றும் சேர்ந்துதான் மருந்து. நம் அலங்காரக் கடைகளில் முதல் ஐட்டம் மட்டும் கிடைக்கும்.

அப்படியானால் பந்தயத்துக்கென்றே ஒரு வண்டி கட்டுகிறவர் என்ன செய்ய வேண்டும்? வேலை தரையிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். முதலில் டயர். டயரின் பக்கவாட்டில் ஓர் எழுத்து அச்சிட்டிருக்கும். எஸ் என்றால் 180 கிலோமீட்டர்வரை தாங்கும், டி என்றால் 190, எச் 210, வி 240. 180 தாங்கும் டயரைப் போட்டுக்கொண்டு 200ல் பறப்பவருக்கு எந்த இறக்கையும் துணை வராது.

அடுத்தது வீல் அலைன்மென்ட். ஓட்டுநர் இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். பின் சக்கரங்கள் ஒன்றையொன்று மிக லேசாக உள்நோக்கிப் பார்க்கும்படி இருந்தால் வண்டி நேராக ஓடும். வெளிநோக்கி இருந்தால் அலையும். முன் சக்கரத்தின் சாய்வு அச்சை, மெக்கானிக்குகள் காஸ்டர் என்பதை, கொஞ்சம் கூட்டினால் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பும். தேய்ந்த புஷ்கள், செத்துப்போன ஷாக் அப்சார்பர்கள் இருந்தால் இத்தனையும் வீண். கார்லிட்ஸின் ஸ்டியரிங் பாடம் இங்கேதான் உதவுகிறது.

மூன்றாவது, வண்டி நிற்கும் கோணம். மூக்கு தாழ்ந்தும் பின்பக்கம் துளி உயர்ந்தும் இருக்க வேண்டும். முழு சக்தியில் இழுக்கும்போது எடை பின்னால் போகிறது, மூக்கு எழும்புகிறது. எழும்பிய மூக்கின் அடியில் காற்று புகுகிறது. மூக்கு இன்னும் எழும்புகிறது. டிராக் வண்டிகளில் முன் சஸ்பென்ஷன் ஓர் அளவுக்குமேல் நீளாதபடி கட்டி வைப்பது இதற்காகவும்தான். நான்காவது, அடைப்பு வேலை. பம்பருக்கடியில் தரையை ஒட்டி ஒரு தடுப்பு, வண்டிக்கடியில் அலுமினியத் தகட்டால் சமமான மூடி, விளக்கைச் சுற்றியும் ரேடியேட்டரைச் சுற்றியும் தேவையில்லாத இடைவெளிகளை அடைப்பது. அடியில் காற்று போவது குறைந்தால் தூக்கும் விசையும் குறைகிறது. எதிர்த்துத் தள்ளும் விசையும் குறைகிறது. இறக்கை அழுத்தம் தருவதற்கு வேகத்தை விலையாக வாங்கும். அடைப்பு வேலை பெரும்பாலும் அந்த விலையைக் கேட்பதில்லை. வெளியே தெரியாது என்பதால்தான் யாரும் செய்வதில்லை.

இவ்வளவுக்கும் பிறகுதான் இறக்கை. கலங்காத காற்று எந்த உயரத்தில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க லேபரட்டரி வேண்டாம். சாண் நீளக் கம்பளி நூல்களைக் கூரையிலும் பின் கண்ணாடியிலும் டேப் போட்டு ஒட்டி, மூடிய பாதையில் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் இன்னொரு வண்டியிலிருந்து படம் எடுத்தால் போதும். நூல் படிந்து ஓடுகிற இடத்தில் காற்று ஒழுங்கு. பேய் பிடித்த மாதிரி ஆடுகிற இடத்தில் கலங்கல். இறக்கையின் கால்கள் சேசிஸில் இறங்க வேண்டும், டிக்கி மூடியின் மெல்லிய தகட்டில் அல்ல. 1969 மே 4 அன்று ஸ்பெயினில் பார்சலோனாவின் மாண்ட்யூக் பாதையில் நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோஹன் ரிண்ட் இருவருடைய லோட்டஸ் கார்களிலும் உயரமான இறக்கைகள் ஒடிந்து, இரண்டு பேருமே மோதினார்கள். இரண்டு வாரத்தில், அடுத்த பந்தயம் நடந்த மொனாக்கோவில், உயர இறக்கைகளுக்குத் தடை வந்தது. உலகத்தின் சிறந்த பொறியாளர்கள் மாட்டிய இறக்கைகள் அவை. உடைகிற இறக்கை இறக்கையே இல்லாததைவிட மோசம். அழுத்தம் இருக்கும் என்று நம்பி ஓட்டுகிற நொடியில் அது இல்லாமல் போகிறது.

இறக்கையின் கோணத்தைக் குறைவாக வைத்து ஆரம்பித்து, ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் கூட்டிய அழுத்தத்துக்கு முன்னாலும் ஈடு செய்ய வேண்டும். நிற்பதற்கும் ஏற்பாடு வேண்டும். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 241 கிலோமீட்டர் தாண்டும் வண்டிக்கு பாரசூட் கட்டாயம். அதன் கயிறு இழுக்கும் கோடும் எடை மையத்தின் உயரத்தை ஒட்டிப் போக வேண்டும். இல்லாவிட்டால் நிறுத்துகிற பாரசூட்டே வண்டியைத் தூக்கும்.

நிற்பது என்றதும் சாலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், ஓட்டுகிறவர் சுதாரித்து பிரேக் அடித்து நிற்க, நல்ல சாலையில் 35 மீட்டர் போதும். 200ல் அதற்கு 250 மீட்டர் வேண்டும். அதனால்தான் டிராக் ஓடுதளங்களில் ஓடுகிற 402 மீட்டருக்கு அப்பால், நிற்பதற்கென்றே அதைவிட நீளமான பாதையை விட்டு வைக்கிறார்கள். சித்தூர், திருப்பதி நெடுஞ்சாலைகளில் அந்த 250 மீட்டருக்குள் யார் இருப்பார்கள் என்பது ஊருக்கே தெரியும். புரட்டாசி வந்தால் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு திருமலைக்கு நடந்து போகிறவர்கள். விடியற்காலையில், இருட்டில், சாலையோரத்தில். கீழ் அழுத்தம் கூடிய கார் அவர்களுக்கு எந்த வகையிலும் பாதுகாப்பானது அல்ல.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஒரு வருஷம்வரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. போலீஸ் பிடிக்கிறது, சைலன்சரைக் கழற்றுகிறது, அடுத்த வாரம் வேறொரு பையன் வருகிறான்.

பிடிப்பது பாதி வேலை. மீதிப் பாதி, 1951ல் வாலி பார்க்ஸ் செய்தது. காரின் அடியில் படுத்துக் காஸ்டர் கோணம் பார்க்கத் தெரிந்த பையன், சரியான இடம் கிடைத்தால் நல்ல மெக்கானிக்காக, பொறியாளராக வரக்கூடியவன். இந்த வட்டாரத்தில் கார், மோட்டார் சைக்கிள், டயர், பேட்டரி எல்லாம் தயாரிக்கிற தொழிற்சாலைகள் வந்துவிட்டன. பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. வருஷத்தில் சில நாள், மூடிய நேரான பாதை ஒன்று, இரண்டு பக்கமும் தடுப்பு, ஓர் ஆம்புலன்ஸ், வண்டியைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த நாலு பேர் என்று ஏற்பாடு செய்வது மாவட்ட நிர்வாகத்துக்கும் மோட்டார் கிளப்புகளுக்கும் முடியாத காரியம் இல்லை. அதுவரை இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கே சோதனைக்குப் போனால், இறக்கையை முதலில் கழற்றச் சொன்னாலும் ஆச்சரியமில்லை.

ஏ.எஸ்.எல்.வி. இரண்டாவது தடவை உடைந்த பிறகு ஸ்ரீஹரிகோட்டாவில் அடுத்த மாதமே இன்னொன்றை ஏவிப் பார்க்கவில்லை. ஏன் உடைந்தது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். துடுப்பு வைத்தார்கள். கட்டுப்பாட்டு முறையை மாற்றினார்கள். ஏறக்குறைய நான்கு வருஷம் கழித்து, 1992 மே 20 அன்று, மூன்றாவது ராக்கெட் கிளம்பிச் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோனது. முதல் இரண்டு தோல்வியிலும் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ராக்கெட்டில் ஆள் இல்லை; கீழே இருந்தது வங்காள விரிகுடா. சித்தூர் நெடுஞ்சாலையில் அந்த இரண்டு வசதியுமே கிடையாது.